சொன்னது ஒன்று, விழுந்தது ஒன்று: ஏர் ரைபிள், ஏர் பிஸ்டல் கோளாறு தேடும் வழி

எங்கள் ஊர் பெஸ்தாரி ஜெயா. பழைய ஆட்கள் வாயில் இன்னும் பத்தாங் பெர்ஜுந்தைதான். மலேசியாவின் முதல் வணிகச் செம்பனை நடவு 1917-இல் இங்கே தென்னமரம் தோட்டத்தில்தான் தொடங்கியது. பெயரில் தென்னை, மண்ணில் செம்பனை. சொன்னது ஒன்று, விழுந்தது ஒன்று என்பதற்கு எங்கள் ஊரே சாட்சி.

ஊரில் சுடும் அரங்கு கிடையாது. சனிக்கிழமை விடியலில் ஐந்து பிள்ளைகளை வேனில் ஏற்றி ஒரு மணி நேரம் ஓட்டினால்தான் கிளப் அரங்கு. துப்பாக்கிகள் கிளப்பின் இரும்புப் பெட்டகத்தில் இருக்கும். 1960-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தில் ஏர் கன்னும் ஆயுதம்தான். போலிஸ் உரிமம் இல்லாமல் வாங்கவோ வைத்திருக்கவோ முடியாது. ‘அணில் அடிக்க ஒன்று கிடைக்குமா மாஸ்டர்’ என்று கேட்டு வருகிறவர்களுக்கு என் பதில் அதோடு முடிந்துவிடும்.

ஒரு பிள்ளைக்கு வாரத்துக்கு 80 குண்டு கிடைத்தால் அதிகம். அதில் பாதியை ‘சைட் (குறி பார்க்கும் கருவி) சரியில்லை’ என்று திருகித் திருகியே தீர்த்துவிட்டால் மீதியில் என்ன கற்பது? அந்த வீணைத் தடுக்கத்தான் இதை எழுதி வைத்தேன். 10 மீட்டர் ஏர் ரைபிளுக்கும் ஏர் பிஸ்டலுக்கும் மட்டும் பொருந்தும். இடம், வலம் எல்லாம் வலக்கைக்காரர்களுக்குச் சொன்னவை. இடக்கைக்காரர்கள் மாற்றிப் படித்துக்கொள்ளுங்கள்.

எதையும் தொடுவதற்கு முன்: ஒரு நோட்டு, இரண்டு கட்டம்

சாதாரண நோட்டுப் புத்தகம் போதும். பக்கத்தை இரண்டாகப் பிரித்து ஒரு பக்கம் ‘சொன்னது’, மறுபக்கம் ‘விழுந்தது’ என்று எழுதுங்கள். ட்ரிகர் விழுந்த நொடியில் சைட் எங்கே நின்றது? கார்டையோ (இலக்கு அட்டை) திரையையோ பார்ப்பதற்கு முன் அதை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். ‘இரண்டு மணி, ஒன்பது’ என்றோ ‘நடு’ என்றோ. மணி என்பது கடிகார முள் கணக்கில் திசை, அடுத்த எண் வளையத்தின் புள்ளி; நடுப்புள்ளி பத்து. பிறகுதான் பார்க்க வேண்டும். இரண்டையும் எழுதுங்கள். பத்துக் குண்டு இப்படிச் சுடுங்கள், அதுவரை ஒரு திருகையும் தொடாதீர்கள்.

சொன்ன இடத்திலேயே விழுந்திருந்தால் துப்பாக்கி உங்களுக்குக் கீழ்ப்படிகிறது. கோளாறு உடம்பில், கையில், கண்ணில். ‘நடு’ என்று சொன்னது எட்டில் கிடந்தால் குண்டு, குழாய், திருகு, காற்று என்று பொருளைத் தேடலாம். எதுவும் சொல்லத் தெரியவில்லை, கண் எங்கே இருந்ததென்றே நினைவில்லை என்றால் அதுதான் முதல் நோய். ட்ரிகர் விழும் நேரத்தில் கண்ணை மூடிக்கொள்கிறீர்கள், அல்லது கார்டைப் பார்க்க அவசரப்பட்டுத் தலையைத் தூக்கிவிடுகிறீர்கள். சுட்ட பின்னும் ஒரு மூச்சு நேரம் சைட்டிலேயே நில்லுங்கள். இது வராதவரை கீழே உள்ள எதுவும் உதவாது.

குண்டுகள் நெருக்கமாக விழுகின்றன, ஆனால் நடுவில் இல்லை

சைட் திருகைத் திருப்ப அனுமதி உள்ள ஒரே இடம் இதுதான். கிளப் துப்பாக்கி என்றால் காரணம் தேட வேண்டியதே இல்லை. உங்களுக்கு முன் சுட்டவர் தன் கண்ணுக்கு ஏற்ப வைத்துவிட்டுப் போயிருப்பார். உங்கள் கிளிக் எண்ணிக்கையை (திருகு திரும்பும்போது கேட்கும் ஒவ்வொரு ‘டிக்’கும் ஒரு கிளிக்) நோட்டின் கடைசிப் பக்கத்தில் குறித்து வைத்தால் அடுத்த வாரம் ஐந்து நிமிடம் மிச்சம்.

எந்தப் பக்கம் திருகுவது என்பதில் ஒரு சிக்கல் உண்டு. சைட்டில் எழுதியிருக்கும் எழுத்தும் அம்புக்குறியும் எல்லாக் கம்பெனியிலும் ஒரே பொருளில் இருப்பதில்லை. சிலவற்றில் ‘குண்டு மேலே போனால் இந்தப் பக்கம் திருகு’ என்று பொருள்; சிலவற்றில் ‘இப்படித் திருகினால் குண்டு மேலே போகும்’ என்று பொருள். நேர் எதிர். ஊகிக்காதீர்கள். ஒரு பக்கமாகப் பத்து கிளிக் திருகி மூன்று குண்டு சுட்டால் தெரிந்துவிடும்.

குரூப் (குண்டுகள் விழுந்த கூட்டம்) ஓரமாகவும் கொஞ்சம் கீழாகவும் போயிருந்தால், அதிலும் ரைபிளில், கிளிக்குக்கு முன் சாய்வைப் பாருங்கள். துப்பாக்கி வலப்பக்கம் சாய்ந்தால் குண்டும் வலப்பக்கம் போகும். குண்டு விநாடிக்கு 170 மீட்டர் வேகத்தில் கிளம்புகிறது என்று வைத்தால் 10 மீட்டர் போவதற்குள் ஏறக்குறைய 1.8 செ.மீ. இறங்குகிறது. அந்த இறக்கத்துக்கு ஈடாகத்தான் குழாயைச் சற்று மேல்நோக்கி வைத்திருக்கிறோம். துப்பாக்கி 5 டிகிரி சாய்ந்தால் அந்த ஈடு பக்கவாட்டில் திரும்பி, 1.5 மி.மீ. தள்ளி விழும். ரைபிள் கார்டில் பத்து என்பது அரை மில்லிமீட்டர்ப் புள்ளி. வளையத்துக்கு வளையம் 2.5 மி.மீ. தான். 1.5 சின்ன எண் இல்லை. சாய்த்தே பிடிப்பது சிலருக்கு வசதி, அதில் தப்பில்லை. ஒவ்வொரு குண்டுக்கும் ஒரே சாய்வாக இருந்தால் சரி.

ரைபிள்: இடமும் வலமுமாகச் சிதறுகிறது

பத்தில் ஏழு பேருக்கு இது பாதத்தில் இருக்கிறது. இது என் அனுபவக் கணக்கு, யாரும் அளந்து சொன்னதல்ல.

நின்று, ரைபிளை ஏற்றி, கார்டைப் பார்த்துக் குறி வையுங்கள். கண்ணை மூடுங்கள். இரண்டு மூச்சு விடுங்கள், தோளைத் தளர விடுங்கள். கண்ணைத் திறந்தால் சைட் எங்கே நிற்கிறதோ அதுதான் உங்கள் உடம்பு தானாகக் காட்டும் இடம். அது கார்டுக்கு இடப்பக்கம் இருந்தால், சுடும்போதெல்லாம் தசையால் வலப்பக்கம் இழுத்துப் பிடித்துக்கொண்டிருக்கிறீர்கள். ட்ரிகர் விழும் நொடியில் தசை கொஞ்சம் தளர்ந்தால் குண்டு இடப்பக்கம். பயந்து அதிகமாக இழுத்தால் வலப்பக்கம். சிதறல் அப்படித்தான் பிறக்கிறது.

கையால் திருத்தாதீர்கள். பாதத்தால் திருத்துங்கள். இடது பாதத்தை ஊன்றியபடி வலது பாதத்தை முதுகுப் பக்கமாக நகர்த்தினால் குழாய் வலப்பக்கம் போகும். முன்பக்கமாக நகர்த்தினால் இடப்பக்கம். நகர்த்துவது ஒரு விரல் அகலம்கூட இருக்காது. மறுபடி கண்ணை மூடித் திறந்து பாருங்கள். நான்கைந்து முறை செய்ய வேண்டி வரும். கிடைத்ததும் பாதத்தைச் சுற்றித் தரையில் டேப் ஒட்டிவிடுங்கள். பத்துக் குண்டுக்கு ஒருமுறை சரிபாருங்கள், ஏனென்றால் இடுப்பு மெதுவாக நழுவும்.

தமிழ்ப்பள்ளித் திடலின் ஓரத்துத் தகரக் கொட்டகையில் வார நாட்களில் நாங்கள் செய்வதே இதுதான். துப்பாக்கி இல்லை. தச்சர் ஒருவர் செய்து கொடுத்த கட்டைதான். ரைபிள் 5.5 கிலோவுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது விதி. எங்கள் கட்டை 4 கிலோ. சுவரில் ஒரு கறுப்புப் பொட்டு. தினம் 20 நிமிடம். போகிற வருகிறவர்கள் சிரித்தார்கள், அப்புறம் பழகிவிட்டார்கள்.

பாதம் சரியாக இருந்தும் பக்கவாட்டில் சிதறினால் கன்னத்தைப் பாருங்கள். ஒரு முறை அழுத்தி, ஒரு முறை தொட்டும் தொடாமலும் வைத்தால் கண் டயாப்டர் எனும் பின்சைட் துளையின் நடுவில் இருக்காது.

மேலும் கீழுமாக நீளமாக விழுகிறது

மூச்சு. பாதி விட்டு நிறுத்துவது, முழுக்க விட்டு நிறுத்துவது, இரண்டும் சரிதான்; ஒருவரே மாற்றி மாற்றிச் செய்வதுதான் பிழை. மூச்சை நிறுத்திய பிறகு 8 முதல் 10 விநாடிக்குள் குண்டு கிளம்பவில்லை என்றால் துப்பாக்கியை இறக்கிவிடுங்கள். இறக்குவதைத் தோல்வி என்று நினைக்கிற பிள்ளைகள்தான் அந்தப் பன்னிரண்டாவது விநாடியில் ஏழு சுடுகிறார்கள்.

பிஸ்டலில் மணிக்கட்டு இறுகியிருக்கிறதா என்றும் பாருங்கள். மணிக்கட்டு மடங்கினால் முன்சைட் தலையாட்டும்.

போகப் போகக் கீழே இறங்குகிறது

இதில் நானே ஏமாந்தேன். படிவம் 4 படிக்கும் பெண் ஒருத்தி. 40-ஆவது குண்டு வரை நன்றாகச் சுடுவாள், அப்புறம் ஒவ்வொன்றாகக் கீழே இறங்கும். களைப்பு என்று முடிவு செய்து மூன்று வாரம் முட்டையும் மைலோவும் கொடுத்தோம். நோட்டைப் பார்த்திருந்தால் முதல் நாளே தெரிந்திருக்கும். ‘நடு’ என்று அவள் சரியாகத்தான் சொல்லியிருந்தாள். ‘நான் நல்லாத்தான் பிடிச்சேன் மாஸ்டர்’ என்று வாயாலும் சொன்னாள். நான்தான் கேட்கவில்லை.

துப்பாக்கியின் சிலிண்டரில் காற்று குறைந்திருந்தது. முழுக்க நிரப்பினால் பெரும்பாலான மேட்ச் (போட்டி) துப்பாக்கிகள் 200 பார்; பார் என்பது காற்றழுத்த அளவு. உள்ளே உள்ள ரெகுலேட்டர் ஒரே அழுத்தத்தில் காற்றை விடும். ஆனால் சிலிண்டர் அழுத்தம் ஓர் எல்லைக்குக் கீழே போனால் அதனால் ஒன்றும் செய்ய முடியாது. வேகம் குறையும். விநாடிக்கு 5 மீட்டர் குறைந்தாலே குண்டு ஏறக்குறைய 1 மி.மீ. கீழே விழும். ரைபிளில் தசமப் புள்ளி (0.1) ஒவ்வொன்றும் கால் மில்லிமீட்டர் என்பதால் 10.5 வரவேண்டிய இடத்தில் 10.1. மானி சிவப்புக்கு வரும்வரை காத்திருக்காமல் ஒவ்வொரு 60 குண்டுக்கும் முன் நிரப்புவது என்று இப்போது வழக்கம் வைத்திருக்கிறோம்.

நிரப்புவது பற்றி இரண்டு எச்சரிக்கை. டயர் கடை கம்ப்ரசர் 10 பாருக்குப் பக்கத்தில்தான் நிற்கும், அது ஆகாது. வெல்டிங் பட்டறை ஆக்சிஜன் சிலிண்டரை நினைத்துக்கூடப் பார்க்காதீர்கள். உள்ளே இருக்கும் துளி எண்ணெயோடு சேர்ந்தால் வெடிக்கும். முக்குளிப்பு சிலிண்டரின் காய்ந்த காற்றை மெதுவாக நிரப்ப வேண்டும். நிரப்பிய சிலிண்டரை வெயிலில் நிற்கும் காடிக்குள் விட்டுப் போகாதீர்கள். சிலிண்டரில் பொறித்திருக்கும் ஆண்டையும் பாருங்கள், பத்தாண்டு கடந்திருந்தால் போட்டிக்குக் கொண்டுபோகக் கூடாது.

பிஸ்டல்: கீழே இடப்பக்கம் போகிறது

வலக்கைக்காரர்களின் பரம்பரை வியாதி. சைட் அழகாக நிற்கிறது, ‘இப்போ’ என்று மனம் சொல்கிறது, விரல் இழுக்கிறது, விரலோடு கை முழுவதும் இறுகுகிறது.

பிஸ்டலில் இதன் விலை எவ்வளவு என்று கணக்குப் போட்டுக் காட்டினால்தான் பிள்ளைகள் நம்புகிறார்கள். முன்சைட்டுக்கும் பின்சைட்டுக்கும் இடையே 32 செ.மீ. என்று வையுங்கள். கை முழுவதும் நேராக 8 மி.மீ. ஆடினால் கார்டிலும் 8 மி.மீ. தான், ஒரு வளையம் போகும். ஆனால் பின்சைட்டின் பள்ளத்துக்குள் முன்சைட் 1 மி.மீ. விலகினால் 10 மீட்டரில் அது 31 மி.மீ. கிட்டத்தட்ட நான்கு வளையம்! கை ஆடட்டும், யார் கைதான் ஆடாது. சைட் இரண்டும் ஒன்றுக்கொன்று நேராக இருக்கிறதா என்பதே கேள்வி. கண்ணின் கூர்மை முன்சைட்டில் இருக்க வேண்டும். கறுப்பு வட்டம் மங்கலாகத் தெரிந்தால் நல்ல அறிகுறி.

இதைத் தீர்க்க நாங்கள் வைத்திருக்கும் மருந்து மூன்று. கார்டைத் திருப்பி வெள்ளைப் பக்கம் காட்டிச் சுடுவது ஒன்று. குறி இல்லாததால் ‘இப்போ’ என்ற அவசரம் வராது. இருபது குண்டில் குரூப் சுருங்குவதைப் பார்க்கலாம். இரண்டாவது, குண்டு போடாமல் ட்ரிகரை மட்டும் இழுப்பது. மேட்ச் பிஸ்டல்களில் இதற்கென்றே ஒரு நிலை உண்டு, அதில் வைத்துத்தான் செய்ய வேண்டும். மூன்றாவது பிள்ளைகளுக்குப் பிடித்த விளையாட்டு: நான் பிஸ்டலைத் தயார் செய்து கொடுப்பேன், உள்ளே குண்டு இருக்கிறதா இல்லையா என்று சொல்ல மாட்டேன். குண்டு இல்லாத முறையில் முன்சைட் ‘தொபுக்’ என்று கீழே குதிப்பதை அவர்களே பார்த்துவிடுவார்கள். பத்து நாள் திட்டுவதைவிட இது மேல்.

ட்ரிகரைத் தளர்த்திக் கேட்பார்கள். ஏர் பிஸ்டலுக்குக் குறைந்தது 500 கிராம் இருந்தே ஆக வேண்டும். போட்டியில் எடை தொங்கவிட்டுப் பார்ப்பார்கள், தூக்காவிட்டால் அனுமதி இல்லை. சரியாக 500-இல் வைக்காமல் கொஞ்சம் கூடுதலாக வையுங்கள்.

வீட்டுப் பயிற்சிக்கு ஒரு லிட்டர் தண்ணீர்ப் புட்டி. ஒரு கிலோ. கழுத்தைப் பிடித்துக் கையை நீட்டி 10 விநாடி, அரை நிமிடம் ஓய்வு, இருபது முறை.

கீழே வலப்பக்கம் போனால் மற்ற மூன்று விரலும் இறுகுகின்றன. இங்கே வியர்வைக்கும் பங்கு உண்டு. கை வழுக்குகிறது, வழுக்கும் பயத்தில் இறுக்குகிறோம். சின்னத் துண்டு ஒன்றை மேசையில் வைத்து ஒவ்வொரு குண்டுக்கும் கையைத் துடையுங்கள். முகப் பவுடர் வேண்டாம், இன்னும் வழுக்கும். கைப்பிடி பெரிதாக இருந்தால் மரப்புட்டி (தச்சர் மரத்தில் பூசி நிரப்பும் பசை) வைத்து உள்ளங்கைக்கு ஏற்ப நிரப்பலாம். காயவிட்டு உப்புத்தாள் தேய்த்தால் போதும்.

ஒன்பது நல்ல குண்டு, ஒன்று ஓடிப்போகிறது

நோட்டு. அந்த ஒன்றை நீங்கள் சொன்னீர்களா? சொல்லியிருந்தால் மேலே போய் மறுபடி படியுங்கள்.

சொல்லாமல் ஓடியிருந்தால் முதலில் டப்பாவைத் திறங்கள். ஈயக் குண்டின் பாவாடை, அதாவது விரிந்த பின்பகுதி, காகிதம்போல மெல்லியது. மோட்டார் சைக்கிள் பெட்டியில் டப்பாவைப் போட்டு மண் ரோட்டில் வந்தால் பத்தில் ஒன்று நெளிந்திருக்கும். டப்பாவுக்குள் பஞ்சு வைத்து ஆட்டமில்லாமல் மூடுங்கள். கீழே விழுந்த குண்டை எடுத்துப் போடாதீர்கள். தலை அளவும் உண்டு: 4.49, 4.50 என்று டப்பாவில் இருக்கும். ஒவ்வொரு குழாய்க்கும் ஒவ்வொன்று பிடிக்கும். ஐந்தைந்தாகச் சுட்டுப் பார்த்துப் பிடித்ததை மட்டும் வாங்குங்கள். விலை கூடியதுதான் நல்லது என்றில்லை. (ஈயம் தொட்ட கையோடு நாசி லெமாக் பொட்டலத்தைப் பிரிக்கக் கூடாது. சோப்புப் போட்டுக் கழுவிய பிறகுதான் பசியாறல். எங்கள் வேனில் இது சட்டம்.)

குண்டு சரியென்றால் திருகுகள். பின்சைட்டைப் பிடித்து மெல்ல ஆட்டிப் பாருங்கள். முடி அளவு அசைந்தாலும் போதும், குற்றவாளி கிடைத்துவிட்டான். கடைசியாகக் குழாய், கம்பளி உருண்டை போட்டுச் சுத்தம் செய்து, அதன் பிறகு முதல் சில குண்டைக் கணக்கில் எடுக்காதீர்கள்.

சைட் மங்குகிறது, வட்டம் இரண்டாகத் தெரிகிறது

நீண்ட நேரம் உற்றுப் பார்த்தால் எல்லாருக்கும் மங்கும். இறக்குங்கள், தூரத்துப் பச்சையைப் பாருங்கள். மறு கண்ணை இறுக்கி மூடுவதால் திறந்த கண்ணும் களைக்கிறது; நெற்றிப் பட்டையில் ஒரு வெள்ளை அட்டையைத் தொங்கவிட்டு மறையுங்கள். அகலம் 30 மி.மீ. தாண்டக் கூடாது. ரைபிளில் முன்சைட் வளையம் மிகச் சிறியதாக இருந்தாலும் இந்தக் குறை வரும். கறுப்பைச் சுற்றித் தாராளமாக வெள்ளை தெரிய வேண்டும். சின்ன வளையம் வைத்தால் கூர்மையாகச் சுடலாம் என்பது புதியவர்களின் ஆசை. நடக்கும் காரியம், ஒவ்வோர் ஆட்டமும் பூதமாகத் தெரிந்து விரல் உறைந்துபோவதுதான்.

எங்கள் ஊர்க்காரர்களுக்குத் தனியாக ஒன்று: குளிரூட்டிய வேனிலிருந்து இறங்கியதும் கண்ணாடியில் பனி படியும். கால் மணி நேரம் முன்பே ஏசியை அணைத்துவிடுங்கள்.

ரைபிள் ஜாக்கெட் தொளதொளக்கிறது, முதுகு வலிக்கிறது

கிளப் ஜாக்கெட் உங்களுக்குத் தைத்ததல்ல. பட்டன் இடத்தை மாற்றித் தைத்தாலே பாதி வலி குறையும். நம் காற்றில் உள்ள ஈரம் கேன்வாஸை இளக்கும், பையில் சுருட்டி வைத்தால் ஒரே வாரத்தில் பூஞ்சை. வீட்டுக்குப் போனதும் நிழலில், காற்றாடிக்குக் கீழே, அகலமான தாங்கியில் தொங்கவிடுங்கள். விறைப்பாக்குகிறேன் என்று கஞ்சி போட்டுவிடாதீர்கள். தடிமனும் விறைப்பும் போட்டியில் கருவி வைத்து அளக்கப்படும். ஓர் அப்பா போட்டார். மனிதர் நல்ல எண்ணத்தில்தான் செய்தார்.

முதுகு வலிக்கிறது என்று சொல்கிறவர்களுக்கு நூர் சுர்யானி தைபி கதையைச் சொல்வேன். 2012 லண்டன் ஒலிம்பிக்கில் வயிற்றில் எட்டு மாதப் பிள்ளையோடு நின்று மலேசியாவுக்காக ஏர் ரைபிள் சுட்டவர். பெண் பிள்ளைகள் நிமிர்ந்து நிற்பார்கள். பையன்கள் பேச்சை மாற்றுவார்கள்.

பயிற்சியில் வருகிறது, போட்டியில் வரவில்லை

கைக்கடிகாரத்தைப் பாருங்கள். மின்னணு இலக்கில் 60 குண்டுக்கு 75 நிமிடம். அதற்கு முன் தயாராகவும் சோதனைக் குண்டுக்கும் 15 நிமிடம். தோட்டத்துப் பிள்ளைகள் 35 நிமிடத்தில் முடித்துவிட்டு வெளியே வந்து நிற்பார்கள். பக்கத்து மேசைக்காரர் சுடும் சத்தத்துக்குத் தாளம் போட்டிருப்பார்கள். பயிற்சியிலும் கடிகாரம் வைத்து, முதல் பத்துக்கு 12 நிமிடம் ஆகும்படி பழக்குங்கள். காலையில் கோப்பி குடிக்காத பிள்ளைக்கு அன்று மட்டும் கோப்பி கொடுக்காதீர்கள், விரல் நடுங்கும்.

எல்லாம் பார்த்தாயிற்று, இன்னும் பிடிபடவில்லை

துப்பாக்கியை நன்றாகச் சுடும் இன்னொருவர் கையில் கொடுங்கள். அவர் துப்பாக்கியை நீங்கள் வாங்குங்கள். பத்துப் பத்துக் குண்டு. கோளாறு துப்பாக்கியோடு போனால் கிளப் ஆர்மரரிடம் (துப்பாக்கி பழுது பார்ப்பவர்) கொடுத்துவிடுங்கள், ரெகுலேட்டரை நீங்களே திறக்கக் கூடாது. கோளாறு உங்களோடு வந்தால் நோட்டின் புதிய பக்கத்தைத் திருப்புங்கள். போன மாதம் ஒரு பையனுக்கு இப்படி மாற்றிப் பார்த்ததில் இரண்டு துப்பாக்கியிலும் வலப்பக்கமே போயிற்று. அன்று அவன் போட்டிருந்தது அண்ணனின் சப்பாத்து, ஒரு குதி தேய்ந்து போனது.